செதில் பூச்சிகளை இனங்காணும் முறை

பயிருக்கு வரும் பகைகளுள் பல தம் வருகையைத் தாமே அறிவித்துக்கொண்டு வருகின்றன. வெட்டுக்கிளி இறங்கினால் ஊர் முழுவதும் அறியும். கம்பளிப்புழு வரிசையாக வந்தால் வரப்பில் நடப்பவர் கண்ணுக்கும் புலப்படும். செதில் பூச்சி அவ்வாறு வருவதில்லை. அது இலையைக் கடித்து ஓட்டை செய்வதில்லை. தொட்டால் குதித்து ஓடுவதுமில்லை. மரத்தின் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடந்து, மெல்லிய ஊசி போன்ற வாயைத் திசுவினுள் செலுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மரம் வாடுவதைக் கண்ட நாம், மண்ணில் சத்துக் குறைந்தது என்று கருதித் தழைச்சத்து உரத்தைக் கூட்டி இடுகிறோம். தழைச்சத்து மிகுந்து கொழுத்த இளந்தளிர் அப்பூச்சிக்கே விருந்தாகிறது. உரத்துக்கு இட்ட பணமும் போய், மரமும் போனபின் தான் கிளையைத் திருப்பிப் பார்க்கும் எண்ணம் நமக்கு வருகிறது.

ஆகவே இப்பூச்சியைப் பொறுத்தவரை மருந்து தெளிப்பதைவிட அடையாளம் காண்பதே முதல் வேலை. அதற்குப் படிப்போ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. கட்டைவிரல் நகமும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு பூதக்கண்ணாடியும் போதும். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்தால் ஊருக்கே அது உதவும்.

இது எத்தகைய பூச்சி?

செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் தூரத்து உறவினர். இக்குலத்தில் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் நன்கு நடக்கும் கால்கள் உண்டு. ஊசிமுனை அளவே உள்ள அக்குஞ்சு தளிரையோ இலையின் அடிப்புறத்தையோ தேடி ஊர்ந்து சென்று, தக்க இடம் கண்டதும் வாயைப் பதித்து அமர்ந்துவிடுகிறது. கவசச் செதில் என்னும் வகையில், அமர்ந்த பெண் பூச்சி முதல் தோலுரிப்போடு காலை இழந்து, மெழுகினாலும் உரிந்த தோலினாலும் தன்மேல் ஒரு மூடியைக் கட்டிக்கொள்கிறது. பிறகு சாகும் வரை அவ்விடம் விட்டு அது நகர்வதில்லை. ஆண் பூச்சிக்கு மட்டும் சிறகு முளைக்கிறது. அதுவும் உண்ணும் வாயில்லாமல் மிகச் சில காலமே வாழ்ந்து மடிகிறது.

இந்த வரலாற்றை அறிந்தால் இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, மூடியிட்டு அமர்ந்துவிட்ட பூச்சியின் மேல் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் மூடியின் மேலேயே வழிந்தோடிவிடும். குஞ்சு ஊரும் பருவமே அது வலுவிழந்திருக்கும் பருவம். மற்றொன்று, நடக்க இயலாத இப்பூச்சி ஊர்விட்டு ஊர் செல்கிறதென்றால், அதைச் சுமந்து செல்வது காற்று, எறும்பு, எல்லாவற்றுக்கும் மேலாக நாமே. விதைக்கரணையிலும் நாற்றிலும் பதியனிலும் ஒட்டிக்கொண்டுதான் அது பயணம் செய்கிறது.

இக்குலம் முழுவதும் நமக்குப் பகை என்றும் சொல்வதற்கில்லை. அரக்கு தருவதும் இக்குலத்துப் பூச்சியே. சப்பாத்திக்கள்ளி காடாக மண்டி மேய்ச்சல் நிலங்களை விழுங்கிய காலத்தில், 1926 ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பூச்சி அக்கள்ளியை அழித்து நிலத்தை மீட்டுக் கொடுத்தது. கள்ளியின் மேல் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் அதை நசுக்கினால் விரல் சிவக்கும். அதுவும் செதில் பூச்சிகளின் நெருங்கிய உறவே.

எங்கே, எதைப் பார்ப்பது?

முதலில் எறும்பைப் பாருங்கள். பூவும் பழமும் இல்லாத காலத்தில் எறும்புகள் ஒரு மரத்தில் சாரை சாரையாக ஏறி இறங்கினால், அங்கே சாறுறிஞ்சும் பூச்சி ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்று கொள்ளலாம். மாவுப்பூச்சியும் மென்செதில் வகையும் உறிஞ்சிய சாற்றில் மிகுதியை இனிப்பு நீராகக் கழிக்கின்றன. அதைக் குடிக்க எறும்பு வருகிறது. வந்த எறும்பு அப்பூச்சியைப் பகைவரிடமிருந்து காவல் காக்கிறது. அவ்வினிப்பு நீர் கீழுள்ள இலைகளில் சொட்டிப் பிசுபிசுக்கும். அதன்மேல் கரியைப் பூசியது போன்ற ஒரு பூசணம் படரும். கறுத்த இலையைக் கண்டு அதையே நோய் என்று எண்ணுவோர் பலர். அந்தக் கறுப்பு இலையின் உள்ளே புகுவதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். துடைத்தபின் அந்த இலைக்கு நேர் மேலே உள்ள இலைகளின் அடிப்புறத்தையும் கிளையையும் பார்க்க வேண்டும். குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

ஆனால் எறும்பும் கறுப்பும் இல்லை என்பதனால் செதில் பூச்சி இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. கரும்புச் செதில், தென்னைச் செதில் முதலிய கவச வகைகள் இனிப்பு நீர் கழிப்பதே இல்லை. இவற்றை எறும்பும் காட்டிக்கொடுக்காது, கரும்பூசணமும் காட்டிக்கொடுக்காது. இலையின் மேற்புறம் தோன்றும் மஞ்சள் புள்ளிகள், நுனியிலிருந்து காய்ந்து வரும் கிளை, பட்டையின் மேல் சாம்பலைக் குழைத்துப் பூசியது போன்ற பொருக்கு ஆகியவையே இவற்றுக்கு அடையாளம்.

நகத்தால் செய்யும் சோதனை

ஐயமுள்ள புடைப்பை நகத்தின் ஓரத்தால் மெல்ல நெம்புங்கள். பட்டையின் இயற்கையான மூச்சுத்துளைப் புடைப்பு என்றால் அது பெயராது. வலிந்து பெயர்த்தால் மரத்தின் நார் பிய்ந்து பச்சை தெரியும். செதில் பூச்சியாயின் சிறு தகடுபோல் எளிதில் கழன்று வரும். கவச வகையில் மூடி மட்டும் தனியே கழன்று, அடியில் மஞ்சள் நிறமான மெத்தென்ற உடல் தனியே தங்கும். மென்செதில் வகையில் மூடி வேறு உடல் வேறு என்பதில்லை. முழுவதும் ஒன்றாகவே பெயரும். இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் கொண்டால் இரு வகையையும் வயலிலேயே பிரித்தறியலாம்.

அடுத்து, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை என்பது நம் கருத்து. செத்த பூச்சியின் மூடி பல மாதம் கிளையிலேயே ஒட்டியிருக்கும். அதைக் கண்டு மருந்தடிப்பவர், பிணத்துக்கு வைத்தியம் செய்கிறவர் ஆகிறார். நெம்பிய பூச்சியை நகத்தால் நசுக்கினால் ஈரம் கசிய வேண்டும், அது உயிருள்ளது. பொடியாக உதிர்ந்தால் செத்தது. மூடியின் மேல் ஊசியால் குத்தியது போன்ற வட்டமான துளை இருந்தால், ஒட்டுண்ணிக் குளவி ஒன்று உள்ளே வளர்ந்து, பூச்சியைத் தின்று முடித்து வெளியேறியிருக்கிறது என்று பொருள். பல கிளைகளிலிருந்து நூறு செதில்களை இவ்வாறு நெம்பிப் பாருங்கள். பெரும்பாலானவை உலர்ந்தும் துளைபட்டும் இருந்தால் கைகட்டிப் பொறுத்திருப்பதே நல்ல வேளாண்மை. அந்நேரத்தில் தெளிக்கும் மருந்து, நமக்காக உழைக்கும் குளவியை முதலில் கொல்லும். மூடியின் அடியில் பதுங்கிய பூச்சியோ பிழைத்து, காவலற்ற தோட்டத்தில் முன்னிலும் பெருகும்.

குஞ்சுகள் எப்போது ஊர்கின்றன என்பதையும் எளிதில் அறியலாம். இருபுறமும் ஒட்டும் நாடாவைப் பாதிக்கப்பட்ட கிளையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை பூதக்கண்ணாடியால் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டியது போன்ற நுண்ணிய புள்ளிகள் மிகுதியாகத் தென்பட்டால், தெளிப்பு ஏதேனும் வேண்டியிருப்பின் அதற்கு அதுவே தக்க தருணம்.

நண்பனைப் பகைவன் என்று மயங்குதல்

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, உடல் முழுவதும் வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, மற்றவற்றைவிடப் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் திரியும் ஒரு புழுவைக் காணலாம். இதுவே தாய் மாவுப்பூச்சி என்று கருதி முதலில் இதை நசுக்குவோர் உண்டு. உண்மையில் அது மாவுப்பூச்சிகளைத் தின்று தீர்க்கும் பொறிவண்டின் குஞ்சு. கிரிப்டோலேமஸ் என்னும் இவ்வண்டு, காப்பிச் செடியின் பச்சைச் செதிலை ஒழிக்கும் நோக்கத்துடன் 1898 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஒரு குச்சியால் தொடுங்கள். மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே மெல்ல அசையும்; வண்டின் குஞ்சு விரைந்து நகரும். இதுபோலவே ஸ்பால்ஜிஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியின் வெண்பொடியைத் தன்மேல் போர்த்துக்கொண்டு அவற்றைத் தின்கிறது. அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கின் முகம்போல் இருக்கும். ஒருமுறை கண்டவர் பின்னர் மறக்கமாட்டார்.

காப்பித் தோட்டங்களில் மழைக்காலத்தில் பச்சைச் செதிலைச் சுற்றி வெள்ளை வளையம் போன்ற பூசணம் காணப்படும். புதிய நோய் வந்துவிட்டதென்று அஞ்ச வேண்டாம். செதிலைக் கொல்லும் பூசணம் அது. அதைக் கண்ட இடத்தில் பூசணக்கொல்லி தெளிப்பது நம் கையால் நம் கண்ணைக் குத்திக்கொள்வதாகும்.

தென்னையில் மற்றொரு மயக்கம் உண்டு. 2016 ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்புறம் வெண்மெழுகைச் சுருள் வடிவில் இட்டு வைக்கிறது. கீழ் ஓலைகள் கறுத்துப்போகின்றன. இது செதில் பூச்சி அன்று. ஓலையைத் தட்டினால் வெள்ளை ஈக்கள் பறக்கும். தென்னைச் செதிலோ பறவாது, கறுப்பும் உண்டாக்காது. ஓலையின் மேற்புறம் மஞ்சள் திட்டுக்கள் தெரியும் இடத்தில் அடிப்புறத்தைத் திருப்பினால், ஒளி ஊடுருவும் வட்டமான மெல்லிய மூடியும், அதனூடே தெரியும் மஞ்சள் உடலும் காணப்படும்.

கரும்பில் செதில்

நம் கிராமங்களில் செதில் பூச்சியால் மிகுந்த நஷ்டம் கரும்பிலேயே நேர்கிறது. ஆதலால் இதைச் சற்று விரிவாகக் கூறுகிறோம். கணு விடத் தொடங்கிய பின்னரே இப்பூச்சி கரும்பில் குடியேறுகிறது. சோகை தண்டைத் தழுவியிருக்கும் மறைவிடமே அதற்கு வீடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பயிர் பச்சையாகவே தோன்றும். சோகையை உரித்தால், கணுக்களை ஒட்டி வட்டமான சிறு செதில்கள் சாம்பலும் கறுப்புமாக அப்பியிருக்கும். தாக்குதல் முற்றினால் கணுவிடை முழுவதும் ஒரே பொருக்காகிவிடும். அத்தகைய கரும்பு சுருங்கி, இலை நுனியிலிருந்து காய்ந்து, பிளந்தால் உட்புறம் செம்பழுப்பாகக் காணும். எடை குறைவதோடு சாற்றில் சர்க்கரையும் குறையும். ஆலைக்குப் போனாலும் வெல்லம் காய்ச்சினாலும் நஷ்டம் நஷ்டமே.

வரப்பில் நின்று பார்த்து இதைக் கண்டுகொள்ள இயலாது. வயலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் உள்ளே புகுந்து, இடத்துக்குச் சில கரும்புகளின் சோகையை உரித்துப் பார்க்க வேண்டும். நட்ட ஐந்தாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் சோகை உரிப்பது நல்ல வழக்கம். கூலி செலவாகிறது என்று அதைக் கைவிட்டவர் பலர். சோகை உரித்த கரும்பில் செதிலுக்கு மறைவிடம் இல்லை. அதை உண்ணும் சிறு பொறிவண்டுகளுக்கு வழி திறக்கிறது. பூச்சி இருப்பதும் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே வேலையில் மூன்று பயன் கிடைக்கும்போது அந்தக் கூலியை வீண்செலவு என்று நாம் கருதவில்லை.

கரும்புச் செதில் ஓர் ஊருக்கு வரும் வழி பெரும்பாலும் விதைக்கரணையே. விதைக்கரும்பு விற்பவர் சொல்லை நம்பி வண்டியில் ஏற்றிவிடாமல், வெட்டுமுன் அவர் வயலுக்கே சென்று சோகையை உரித்துப் பார்ப்பது வாங்குவோர் உரிமை. செதில் கண்ட கரணையின் முளைப்பும் குறையும். கடுமையாகத் தாக்கப்பட்ட வயலில் மறுதாம்பு விடுவதும் தகாது; அடிக்கட்டையில் தங்கிய பூச்சி புதிய தூருக்கு ஏறி, அடுத்த வயலுக்கும் பரவும். ஓராண்டு வேறு பயிர் வைப்பதால் வரும் நட்டம் அதனிலும் சிறிது.

மாவுப்பூச்சி தந்த பாடம்

2008 ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சி, இங்கே தன்னை ஒடுக்கும் பகைவர் எவருமின்றிப் பெருகி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் படர்ந்தது. மருந்துக்கு மேல் மருந்தாகத் தெளித்தும் அடங்காமையால், மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கி எறிந்த பட்டு விவசாயிகளும் உண்டு. பட்டுப்புழு தின்னும் இலையில் கடும் மருந்தைத் தெளிக்கவும் முடியாது. தெளிக்காமல் விடவும் முடியாது என்னும் நிலை. 2010 ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரில் உள்ள மத்திய ஆய்வு நிறுவனத்தின் வழியாகத் தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பெருக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்குளவியே பெரும்பணி செய்தது. பல முறை மருந்து தெளித்தும் அடங்காத பூச்சி, கண்ணுக்குத் தெரியாத அக்குளவியால் அடங்கியது.

பத்தாண்டு கழித்து வேறொன்று வந்தது. 2020 ஆம் ஆண்டு கேரளத்தில் திருச்சூரில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பின்னர் சேலம், நாமக்கல் முதலிய மரவள்ளி வட்டாரங்களைத் தாக்கியது. முன்னது மஞ்சள் உடலின் மேல் வெண்பொடி படிந்தது. இதுவோ இளஞ்சிவப்பு உடலும் மெல்லிய பொடியும் கொண்டது. இது தாக்கிய செடியில் கணுவிடை குறுகி, நுனி இலைகள் சுருண்டு கொத்தாகக் குவிந்துவிடும். இரண்டுக்கும் குளவி வேறு வேறு. பப்பாளி மாவுப்பூச்சிக்கு உரிய குளவியை மரவள்ளி மாவுப்பூச்சி கண்ட வயலில் விட்டால் ஒரு பயனும் விளையாது. இன்ன பூச்சி என்று சரியாக அறிந்தபின்னரே, ஆப்பிரிக்கக் கண்டத்தில் மரவள்ளியைக் காத்துப் புகழ்பெற்ற அனகைரஸ் லோபெசி என்னும் குளவி 2021 ஆம் ஆண்டு பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 இல் சேலம் மாவட்ட வயல்களில் விடப்பட்டது. பூச்சியின் நிறத்தைக் குறித்துச் சொல்லும் விவசாயியின் ஒரு சொல்லுக்கு இத்தனை மதிப்பு உண்டு.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஒருவர் தோட்டத்தில் விட்டுவைத்த பூச்சி காற்றில் அடுத்தவர் தோட்டத்துக்குப் போகிறது. ஆதலின் இது தனி ஒருவர் காரியம் அன்று. சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் மண்டும் பார்த்தீனியமும் துத்தியும் மாவுப்பூச்சிக்குச் சத்திரம் போன்றவை. பள்ளியிலும் பொது இடங்களிலும் உள்ள செம்பருத்தியும் அவ்வாறே. பயிர் இல்லாத காலத்தில் பூச்சி அங்கே தங்கிப் பிழைக்கிறது. களைகளைப் பூக்குமுன் அகற்றுவதும், செம்பருத்தியை அவ்வப்போது திருப்பிப் பார்ப்பதும் பஞ்சாயத்தின் பொறுப்பில் அடங்கும். வெட்டிய கிளையை வாய்க்காலில் எறிவது சில ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. நீரோடு மிதந்து மாவுப்பூச்சி கடைமடை வரை செல்லும். வெட்டிய இடத்திலேயே எரித்துவிட வேண்டும்.

தோட்டத்தில் சில செடிகளில் மட்டுமே தாக்குதல் இருந்தால், அக்கிளைகளைக் கவாத்து செய்து எரிப்பதும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மாவுப்பூச்சியை உதிர்ப்பதும், அடிமரத்தில் எறும்பு ஏறாதபடி ஒட்டும் பசைப்பட்டை கட்டுவதும் போதும். அதற்கு மேல் தேவையாயின், குஞ்சு ஊரும் பருவத்தில் லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பைக் கரைத்து, இலையின் அடிப்புறம் நனையுமாறு வெயில் தணிந்த வேளையில் தெளிக்கலாம். முதலில் ஓரிரு கிளைகளில் தெளித்து, தளிர் கருகவில்லை என்று கண்டபின் மற்றவற்றுக்குச் செல்க. ஒட்டுண்ணிக் குளவி விடப்பட்ட தோட்டத்திலும் அதன் அண்டையிலும் இரசாயன மருந்து தெளிக்கலாகாது. இதைப் பக்கத்து நிலத்துக்காரருக்கும் சொல்லி வைக்க வேண்டும். அவர் தெளிக்கும் மருந்து வரப்பைப் பார்த்து நின்றுவிடுவதில்லை.

இன்ன பூச்சி என்று துணிய முடியாதபோது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மாதிரி கொண்டுசெல்லலாம். பூச்சியை மட்டும் சுரண்டி எடுத்துச் சென்றால் நைந்துவிடும். அது ஒட்டியுள்ள இலையையோ ஒரு சாண் நீளக் கிளையையோ அப்படியே வெட்டி, காகிதத்தில் சுற்றி, வாய் கட்டிய பையில் வைக்க வேண்டும். பையைத் திறந்தபடி பேருந்தில் கொண்டுபோனால் வழியெல்லாம் குஞ்சுகளை விதைத்துச் சென்றவர் ஆவோம். உறையின் மேல் பயிர், ஊர், கண்ட தேதி, கடைசியாகத் தெளித்த மருந்து ஆகிய நான்கையும் எழுதுக. மருந்தின் பெயரை மறைக்க வேண்டாம். அடுத்து என்ன செய்வது என்பதை அலுவலர் பெரும்பாலும் அதைக் கொண்டே தீர்மானிப்பார்.